புரதமும் நொதியும்: நெட் தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டவள் சொல்வது

2023 டிசம்பரில், உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்சஸ் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது, பயோகெமிஸ்ட்ரி பகுதி எனக்குத் தண்ணி பட்ட பாடு என்றுதான் நினைத்திருந்தேன். எம்.எஸ்சி. படித்ததே அதில்தானே! விடைக்குறிப்பு வந்து ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் அதிகம் மார்க் விட்ட இடமே புரத அமைப்பும், நொதிகளின் வேகத்தைக் கணக்கிடும் என்சைம் கைனெட்டிக்ஸும்தான்.

அடுத்த முறை தேறினேன். உதவிப் பேராசிரியர் தகுதிதான், ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்து பல்கலை நகர் வழியாகத்தான் வரும். காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த எங்கள் ஊர் அக்கா ஒருவர் அடிக்கடி அதில் வருவார். தோற்ற கதையைச் சொன்னதும், ஆறுதல் எதுவும் சொல்லாமல் நேராகக் கேள்விக்கு வந்துவிட்டார். (புதியவர்களுக்கு: நொதி தன்மேல் ஒட்டும் சப்ஸ்ட்ரேட்டை வேறு பொருளாக மாற்றுகிறது. அதன் உச்ச வேகம் வி.மேக்ஸ்; அதில் பாதி வேகம் கிடைக்கும் சப்ஸ்ட்ரேட் அளவு கே.எம். சப்ஸ்ட்ரேட்டின் இடத்துக்கே போட்டி போட்டு நொதியைத் தடுப்பது காம்பெட்டிட்டிவ் இன்ஹிபிட்டர். ஒன்றின் கீழ் வேகத்தை ஒன்றின் கீழ் சப்ஸ்ட்ரேட் அளவுக்கு எதிரே வரைவது லைன்வீவர்-பர்க் படம்.)

"காம்பெட்டிட்டிவ் இன்ஹிபிட்டர் போட்டா கே.எம். என்னாகும்?"

"கூடும்க்கா."

"சரி. லைன்வீவர்-பர்க் படத்துல அடிக்கோட்டுல வெட்டுற புள்ளி எந்தப் பக்கம் நகரும்?"

"கூடுதுல்ல, அப்ப தள்ளிப் போகும்."

"ஏண்டி, ஒருதரமாவது வரைஞ்சு பாத்தியா?"

வரைந்ததே இல்லை. அந்தப் புள்ளி கே.எம். அல்ல, மைனஸ் ஒன்றின் கீழ் கே.எம். கே.எம். 20 மைக்ரோமோலார் என்றால் புள்ளி மைனஸ் 0.05-ல் இருக்கும். 40 ஆனால் மைனஸ் 0.025. அதாவது பூஜ்ஜியத்தை நோக்கி உள்ளே வரும். கலர் பேனாவில் நான் எழுதி வைத்திருந்த நோட்ஸில் இது எங்கேயும் இல்லை. ஐந்து மார்க் கேள்விக்கு வரையறை எழுதியே பழகிய கை அது.

அன்றிலிருந்து எண்களைப் போட்டுத்தான் படித்தேன். கே.எம். 20, சப்ஸ்ட்ரேட் 60 என்றால் வேகம் 60-ன் கீழ் 80, வி.மேக்ஸில் முக்கால். காம்பெட்டிட்டிவ் இன்ஹிபிட்டரின் அளவு அதன் கே.ஐ.க்கு, அதாவது நொதியிலிருந்து அது பிரியும் மாறிலிக்கு, சமமாக இருந்தால் கே.எம். இரட்டிப்பாகும். வேகம் 60-ன் கீழ் 100, அதாவது 0.6. அதே அளவில், சப்ஸ்ட்ரேட்டின் இடத்தைத் தொடாமல் வேறிடத்தில் ஒட்டும் நான்-காம்பெட்டிட்டிவ் என்றால் வி.மேக்ஸ் பாதியாகி 0.375. இந்த மூன்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தவருக்கு மனப்பாட அட்டவணை தேவைப்படாது. இன்னொரு கணக்கையும் கட்டாயம் கையால் போடுங்கள்: வேகத்தை வி.மேக்ஸின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குக் கொண்டுபோகச் சப்ஸ்ட்ரேட்டை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும்? 81 மடங்கு. நான் 9 என்று நினைத்திருந்தேன்.

கோச்சிங் வகுப்புகளில் பரோட்டா மாஸ்டர் உதாரணம் ஒன்று சொல்வார்கள். ஆர்டர் எவ்வளவு குவிந்தாலும் மாஸ்டர் கைக்கு ஒரு வேகம்தான், அதுவே வி.மேக்ஸ். அதுவரை சரி. அதே கையோடு கே.எம். என்பதை "பிடிப்பு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கேதான் வழுக்கும். பொருளாக மாறும் படி, பிரிந்துபோகும் படியைவிட மிக மெதுவாக நடந்தால் மட்டுமே கே.எம்.மைப் பிரிகை மாறிலியாக, அதாவது ஒட்டியது எவ்வளவு எளிதில் பிரியும் என்று காட்டும் எண்ணாக, எடுத்துக்கொள்ளலாம். "எப்போதும்" என்ற சொல் தேர்வில் தரும் வாக்கியத்தில் இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

2024 ஜூன் 25-ல் தொடங்க வேண்டிய தேர்வு தள்ளிப்போய் ஜூலை 25-ல் தொடங்கியது. அந்த ஜூனில்தான் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதிலிருந்த மெத்தனால் தானாக அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. நம் கல்லீரலின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் அதை ஃபார்மால்டிஹைடு ஆக்க, அது ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. சிகிச்சைக்குத் தரும் ஃபோமெபிசோல் அந்த நொதியின் காம்பெட்டிட்டிவ் இன்ஹிபிட்டர். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்த நாள் மறக்காது. அதற்குப் பிறகு அந்த வகை இன்ஹிபிஷன் எனக்குக் குழம்பவே இல்லை.

புரத அமைப்புக்கு வருகிறேன். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நம் ஊர்ச் சரக்கு என்று பெருமைப்படுவோம், ஆனால் ஃபை, சை கோணங்கள் எவை என்று கேட்டால் விழிப்போம். நான் செய்தது இது: வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சம அளவுச் சீட்டுகளாக வெட்டி, மூலைக்கு மூலை நூலால் கட்டினேன். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. அதுதான் சீட்டு. முடிச்சு ஆல்ஃபா கார்பன். திருப்பம் எல்லாம் முடிச்சில்தான்: அதன் நைட்ரஜன் பக்கத் திருப்பம் ஃபை, மறுபக்கத் திருப்பம் சை. திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சீட்டும் சீட்டும் இடிக்கும். அந்த இடிதான் வரைபடத்தின் வெற்றிடம். முடிச்சில் பக்கச் சங்கிலியாக ஒரு புளியங்கொட்டையை ஒட்டுங்கள், இன்னும் சீக்கிரம் இடிக்கும். கொட்டை இல்லாத முடிச்சு கிளைசீன். அது ஏன் மற்றவை போகாத இடத்துக்கெல்லாம் போகிறது என்பது அப்போது கைக்கே தெரியும். அம்மா அதைத் தோரணம் என்று நினைத்து வாசலில் கட்டப் பார்த்தார்.

எண்களில் சிலவற்றை விடவே கூடாது. புரதச் சங்கிலி சுருளாக நிற்கும் ஆல்ஃபா ஹீலிக்ஸில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், ஒன்றுக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம். குலைத்த புரதம் தானாக மீண்டும் மடிகிறதா என்று பார்த்த அன்ஃபின்சன் சோதனையில், ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதிக்கு 8 சிஸ்டீன் அமினோ அமிலம். அவை நான்கு ஜோடியாகச் சேர 7×5×3, மொத்தம் 105 வழி. மடிப்பைக் குலைக்கும் யூரியாவுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றி இந்த ஜோடிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு சதவீதச் செயல்பாடுதான் திரும்பும் என்பது இந்த 105-லிருந்தே வந்துவிடும். புரதத்தை வெட்டும் கைமோட்ரிப்சின் நொதியின் வேலையைச் செய்பவை செரீன் 195, ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்டேட் 102. புரோட்டானை யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று அம்புக்குறி போட்டுப் பழகுங்கள்.

தேர்வின் சி பகுதியில் 75 கேள்வி, அதிகபட்சம் 25 எழுதலாம். சரியானால் 4 மார்க், தவறினால் 1 போகும். முதல் முறை 25-ஐயும் நிரப்பியே தீர வேண்டும் என்று நிரப்பினேன். இரண்டாம் முறை 19 தான் எழுதினேன்.

படிக்க இடம் இல்லாதவர்கள் மதுரை நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். 2023 ஜூலையில் திறந்தது. காலையிலேயே போனால்தான் நல்ல இடம். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போனேன், ஆனால் சாப்பிட்டபின் வரும் தூக்கத்தை எந்த நொதியாலும் தடுக்க முடியவில்லை.

தேர்வு அறையில் ரஃப் தாள் கையில் கிடைத்ததும், கேள்விக்குள் போகும் முன் மூன்று இன்ஹிபிஷன் கோடுகளையும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: செங்குத்து அச்சில் சந்திப்பது (காம்பெட்டிட்டிவ்), அடிக்கோட்டில் சந்திப்பது (நான்-காம்பெட்டிட்டிவ்), சந்திக்காமல் இணையாகப் போவது (அன்காம்பெட்டிட்டிவ்). எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.