ஆறு தடவ மினுக்குது, ஆனா பானெட் மூடித்தான் இருக்கு

மூணு வாரமா தலைய பிச்சிக்க வெச்ச ரிமோட் ஸ்டார்ட் (தூரத்துலேர்ந்தே பட்டன அழுத்தி கார ஸ்டார்ட் பண்றது) பிரச்னை நேத்து ராத்திரி கையும் களவுமா மாட்டிக்கிச்சு. 2012 கொரோலா, வயரிங் நானே பண்ணது, ஒட்டாவாவுல அதுக்கு இது மூணாவது குளிர்காலம். பட்டன அழுத்தினா ஸ்டார்ட் ஆகாம பார்க்கிங் லைட் ஆறு தடவ மினுக்கும். என் ரிமோட் ஸ்டார்ட் மாட்யூல் மேனுவல்படி ஆறுன்னா பானெட் திறந்திருக்கு. போய் பார்த்தா ஜம்முனு சாத்தித்தான் இருக்கு.

இதுல கடுப்பு என்னன்னா, மைனஸ் இருபதுல சமத்தா ஸ்டார்ட் ஆகும், பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்து ரோடெல்லாம் பனி கரைஞ்சு சேறா கெடக்குற அன்னிக்குத்தான் மக்கர் பண்ணும். குளிர்தான் காரணம்னா உல்டாவால்ல இருக்கணும்?

பானெட் திறந்திருக்கான்னு மாட்யூலுக்கு சொல்ற பின் சுவிட்ச (பானெட் மூடினா அதோட பிளஞ்சர் அமுங்கி கனெக்‌ஷன் விட்டுடும், திறந்தா வயர் பாடியோட சேந்துடும்) மொதல் நாளே மல்டிமீட்டர் வெச்சு பார்த்தேங்க, ஏமாந்ததே அங்கதான். பீப் மோட்ல (கனெக்‌ஷன் இருந்தா கத்தும்), பிளஞ்சர அமுக்கினா சத்தம் இல்ல, விட்டா பீப். சரி சுவிட்ச் நல்லாருக்குன்னு முடிவு பண்ணி ரெண்டு சனிக்கிழமைய தொலைச்சேன், டேஷுக்கு கீழ பேனல கழட்டி, ஃபயர்வால் தாண்டி வர்ற வயர் எங்கயாவது உரசி பாடில பட்டிருக்கான்னு தடவித் தடவி பார்த்து, கிரவுண்ட் போல்ட்ட சுரண்டி, கடைசில மாட்யூலே போச்சுன்னு புதுசுக்கு விலை வரைக்கும் விசாரிச்சாச்சு.

நேத்து ஆபீஸ்லேர்ந்து வந்த ஈரத்தோட, வயர மாட்யூல் பக்கம் கழட்டிட்டு மீட்டர ஓம்ஸ்ல வெச்சேன். பிளஞ்சர் அமுங்கி இருக்கும்போது ஓஎல், அதாவது கனெக்‌ஷனே இல்லன்னு காட்டணும். காட்டுனது 400 ஓம்! என் மீட்டர் நாப்பது ஓமுக்கு கீழ போனாத்தான் கத்தும், அதனால 400ன்னா அதுக்கு ஓபன் கணக்கு. ஆனா மாட்யூல் உள்ள இருக்குற புல்அப் (வயர்ல வோல்ட்டேஜ மேல தூக்கி வெக்கிற ரெசிஸ்டர்) கிலோ ஓம்ல இருக்கும், 400 அத அசால்ட்டா கீழ இழுத்துடும், அதுக்கு பானெட் திறந்த மாதிரிதான். சுவிட்ச நான் மாட்டி வெச்சது தண்ணி ஓடுற காவா மாதிரி இடத்துல, ரோட்டு உப்புத்தண்ணி உள்ள எறங்கி கசிஞ்சிருக்கு. கட்டியா உறைஞ்சுட்டா கசிவு இல்ல, அதான் மைனஸ் இருபதுல ஓடிருக்கு.

நடுவுல ஒரு இன்ஸ்டாலர்ட்ட கேட்டதுக்கு அந்த பானெட் சுவிட்ச் வயர வெட்டி விட்டுடு, எல்லாரும் அப்படித்தான்னாரு. பானெட்ட திறந்து நான் இன்ஜின் பெல்ட்டுகிட்ட கைய வெச்சிருக்கும்போது உள்ளேர்ந்து பையன் பட்டன அழுத்தினா? டெஸ்ட்டுக்கு ரெண்டு நிமிஷம் கழட்டினேன், டக்குனு ஸ்டார்ட் ஆச்சு, மறுபடி மாட்டிட்டேன்.

இப்போதைக்கு பழச சுடுதண்ணில அலசி, வீட்டம்மா ஹேர் டிரையர்ல காயவெச்சு (திட்டு தனி) போட்டிருக்கேன். ஓஎல் காட்டுது, காலைல ஸ்டார்ட்டும் ஆச்சு. ரப்பர் பூட் வெச்ச புது சுவிட்ச் ஆர்டர் போட்டாச்சு, ஈரம் புகாம இருக்க டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கனேடியன் டயர் கடைல வாங்கினேன். ஃபெண்டர்ல மேடான இடமா பார்த்து புதுசா ஓட்டை போடணும், ட்ரில் பிட்டுதான் மொக்கையா இருக்கு.

ஆன்டெனாவ வேற கண்ணாடிக்கு பின்னாடி ஏத்தணும், ஆபீஸ் மூணாவது மாடிலேர்ந்து சிக்னல் எட்டவே மாட்டேங்குது. எல்டிஇ (மொபைல் நெட்வொர்க்) மாட்யூல் போட்டு போன்லயே ஸ்டார்ட் பண்ணலாம்தான், ஆனா மாசாமாசம் அதுக்கு யாரு தண்டம் அழுவுறது?