கட்டணப் பட்டியலுக்குள் ஒரு தேசியம்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது செலவைத்தான். பிரிட்டன் முழுக்க ஒரே கணக்கு என்று நினைத்து வருவார்கள். அங்கேதான் பேச்சு நீளும்.

ஸ்காட்லாந்துப் பிள்ளை ஸ்காட்லாந்திலேயே படித்தால் கட்டணம் அரசு பொறுப்பு. இங்கிலாந்திலிருந்து போகும் பிள்ளை ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். பிரெக்ஸிட்டுக்கு முன்பு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும்வரை, ஜெர்மானிய மாணவருக்குக்கூட அங்கே இலவசம். பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து எல்லை தாண்டி வரும் மாணவருக்கு மட்டும் கிடையாது. "ஒரே நாடுதானே தம்பி, அதெப்படி?" என்று ஓர் அம்மா கேட்டார்.

1999இல் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் அமைந்தது. கல்வியும் அதன் கைக்குப் போனது. பட்டதாரிகளிடம் வாங்கிவந்த தொகையை ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அரசு 2008இல் ஒழித்தது. பாறை உருகினாலும் எங்கள் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க மாட்டோம் என்ற பொருளில் தான் சொன்னதை, ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் 2014இல் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டாகவே திறந்துவைத்தார். நாங்கள் இங்கிலாந்து அல்ல என்று சொல்ல அவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு வழி.

சரி, அந்தச் செலவு யார்மேல் விழுகிறது? அரசு பணம் தருவதால் உள்ளூர் மாணவர் இடங்களுக்கு வரம்பு உண்டு. பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்புகின்றன. அங்கே நான்காண்டுப் படிப்பு என்பதால் நம் பெற்றோர் ஓராண்டு கூடுதலாகவே கட்டுகிறார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கிலும் இதே போக்குத்தான்: பிரெஞ்சைக் காக்க என்று, பிற மாகாண மாணவர்களுக்கான கட்டணத்தை ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் உயர்த்தினார்கள். 2025இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆனாலும் ஸ்காட்லாந்து, கியூபெக் மக்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நாமும் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் நம் மொழிக்கு இடம் கேட்டவர்கள்தான். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகம் இருந்த காலத்தில், இந்தியவியல் துறையில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி பரிந்துரைத்தார். தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் இதழில் அதை எதிர்த்து எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கூலித் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய துறையில் தமிழ் இடம்பிடித்தது. நமக்குக் கஜானாவும் இல்லை, சட்டம் போடும் அதிகாரமும் இல்லை. செலவை அடுத்தவர்மேல் ஏற்றாமல் நம் சட்டைப்பையிலிருந்தே கொடுத்தோம். எனக்கு இதில்தான் பெருமை.

அந்தத் துறை பின்னர் கோலாலம்பூர் போய்விட்டது. இன்று தமிழில் பட்டம் படிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். வந்தால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். எங்கள் நிறுவனத்துக்கு அதில் கமிஷன் கிடையாது, இருந்தாலும் அந்த விண்ணப்பத்தை நானே உடனிருந்து நிரப்பித் தருவேன்.