கவுன்சில் வீட்டுக்காகக் காத்திருந்த பத்து வருடம்

2013இல் நாங்கள் கிழக்கு லண்டனில் வாடகைக்குப் போன வீடு, கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, கட்டிய பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரே ஒரு படுக்கையறை. கவுன்சில் வாடகைக்காரர்கள் தாங்கள் இருக்கும் வீட்டைக் கழிவு விலையில் வாங்கலாம் என்று 1980இல் சட்டம் வந்தது. அப்படி வாங்கப்பட்டு, இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் தனியார் ஒருவரிடம் வந்து சேர்ந்த வீடு அது. பக்கத்துக் கதவில் இருந்த வயதான அம்மா இன்னும் கவுன்சிலுக்குத்தான் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டில் கதைத்தபோதுதான் தெரிந்தது. அதே அளவு வீடு, அதே ஜன்னல், ஆனால் அவர் கட்டியது எங்கள் வாடகையில் பாதிகூட இல்லை. உடனே போய்க் கவுன்சில் வீட்டுக்கான பட்டியலில் பதிந்து வை என்று சொன்னவர் அவர்தான்.

2014 ஒக்டோபரில் பதிந்தோம். அப்போது மகளுக்கு மூன்று வயது, மகன் கைக்குழந்தை. அகதி அந்தஸ்துக் கிடைத்து, பிறகு நிரந்தர வதிவிடமும் வந்திருந்ததால் விண்ணப்பிக்கும் தகுதி இருந்தது. விசாவில் பொதுநிதி (அரசு உதவிகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் இந்தப் பட்டியலில் சேர முடியாது. இதைத் தெரியாமல் படிவம் நிரப்பி ஏமாந்தவர்கள் எங்கள் சனத்தில் நிறையப் பேர். அதோடு, அந்தக் கவுன்சில் எல்லைக்குள் இத்தனை வருடம் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 2011இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், பாங்க் ஸ்டேட்மென்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சைல்ட் பெனிஃபிட் கடிதம், என் கணவர் வேலை செய்த கிடங்கின் சம்பளச் சீட்டு எல்லாம் கேட்டார்கள். நான் அன்றைக்கு வாங்கிய நீல நிற ஃபைல் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

பதிந்த பிறகு நாங்கள் செய்த பெரிய பிழை, சும்மா இருந்ததுதான். பெயர் பட்டியலில் இருக்கிறது, வரிசை தானாக நகரும், ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று நினைத்தோம். ஊரில் சங்கக்கடையில் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு அப்படித்தானே தோன்றும். ஆனால் இங்கே நடப்பது வேறு. காலியாகும் வீடுகளைக் கவுன்சில் ஒவ்வொரு வாரமும் இணையத்தில் போடும். எங்களுக்கு அது வியாழக்கிழமை. அதில் நமக்குப் பொருந்தும் வீட்டுக்கு நாமே விருப்பம் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் பிட் பண்ணுவது. ஏலம் மாதிரி ஒலித்தாலும் காசு ஒரு சதமும் கிடையாது. யாருடைய தேவை அதிகம் என்று பார்த்து எல்லோரையும் பாண்ட் பாண்டாக, அதாவது படிப்படியான பிரிவுகளாக, பிரித்திருப்பார்கள். ஒரே பாண்டில் இருப்பவர்களுக்குள் யாருடைய பதிவுத் தேதி முந்தியதோ அவர் மேலே வருவார். எங்களை மூன்றாவது பாண்டில் போட்டிருந்தார்கள். முதல் பதினான்கு மாதம் நாங்கள் ஒரு பிட்கூடப் பண்ணவில்லை. வருடாந்தப் புதுப்பிப்புக்கு வந்த மின்னஞ்சலையும் பார்க்காமல் விட்டு, பதிவு ரத்தாகிற விளிம்புவரை போனோம்.

பிட் பண்ணத் தொடங்கிய பிறகும் 200ஆவது இடம், 340ஆவது இடம் என்றுதான் வந்தது. இங்கிலாந்து முழுவதும் இப்படிப் பட்டியலில் இருக்கும் குடும்பங்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதைத் தெரிந்துகொண்டபோது கோபம் கொஞ்சம் குறைந்தது, கவலை கூடியது.

இந்த இடத்தில் இரண்டு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வழி திறந்தது அவற்றால்தான்.

முதலாவது, நெருக்கடி என்பதன் கணக்கு. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கிறோம், இதைவிட என்ன நெருக்கடி வேண்டும் என்று நினைத்தோம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பார்த்தால் வரவேற்பறையும் படுக்கக்கூடிய அறைதான். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை கணக்கிலேயே வராது, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அரை ஆள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் நெருக்கடி இல்லை! கவுன்சில்கள் வீடு ஒதுக்கும்போது பார்ப்பது வேறு அளவுகோல். கணவன் மனைவிக்கு ஓர் அறை. ஆணும் பெண்ணுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூத்தவருக்குப் பத்து வயது ஆகும்வரை இருவருக்கும் ஓர் அறை, அதன் பிறகு தனித்தனி. எந்த வயதில் பிரிக்கிறார்கள் என்பதை உங்கள் கவுன்சிலின் ஒதுக்கீட்டு விதியில் பார்க்க வேண்டும். அது இணையத்தில் இருக்கும், வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் வாசியுங்கள். மகளுக்கு 2021 மார்ச்சில் பத்து வயது முடிந்தது. அதைக் கணினி தானாகக் கவனிக்கும் என்று இருந்துவிடாமல், அந்த வாரமே மாற்றப் படிவம் போட்டேன். இரண்டு அறைப் பட்டியலிலிருந்து மூன்று அறைப் பட்டியலுக்குப் போனோம். மூன்று அறை வீடு காலியாவது குறைவு. இருந்தாலும் எங்கள் பாண்ட் ஒரு படி உயர்ந்தது.

இரண்டாவது, மகனின் மூச்சிழுப்பு. வடக்குப் பக்கச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். துடைக்கத் துடைக்க வரும். அவனுக்கு நான்கு வயதிலிருந்து இன்ஹேலர். மருத்துவக் காரணத்துக்கான படிவத்தை நிரப்பி, டொக்டரின் கடிதத்தையும் வைத்து அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். அன்று நான் அழுதது உண்மை. பிறகு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த பெண் கடிதத்தை வாசித்துவிட்டு, இதில் பிள்ளைக்கு ஆஸ்துமா என்று மட்டும்தானே இருக்கிறது, வீட்டால் அது எப்படி மோசமாகிறது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. எத்தனை தடவை இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினோம், எந்த மாதங்களில், படுக்கும் இடத்துக்கும் பூஞ்சணச் சுவருக்கும் எவ்வளவு தூரம், வேறு இடத்தில் தங்கிய நாட்களில் எப்படி இருந்தான் என்று ஒரு குறிப்பு எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அதையெல்லாம் சேர்த்துப் புதுக் கடிதம் தந்தார். கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை வரவழைத்து வீட்டையும் பார்க்க வைத்தோம். தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க எங்களுக்கு இருந்தது 21 நாள். பத்தொன்பதாவது நாள் அனுப்பினேன். மருத்துவ முன்னுரிமை கிடைத்தது.

மொழி விஷயமும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மகளையே கதைக்க விட்டேன். ஏழு வயதுப் பிள்ளை தொலைபேசியில் வாடகை பாக்கி பற்றியும் தம்பியின் மூச்சிழுப்பு வருத்தம் பற்றியும் கதைத்துக்கொண்டு நின்றாள். அது சரியில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தொலைபேசியிலேயே தமிழில் ஒருவரை இணைப்பார்கள், காசு இல்லை. ஒரு தடவை வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். என் யாழ்ப்பாணப் பேச்சு அவருக்குச் சில இடங்களில் பிடிபடவில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, பொறுமையாக, ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தார். அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

2022 ஜூனில் வீட்டு உரிமையாளரின் கடிதம் வந்தது. செக்ஷன் 21. காரணம் சொல்லாமல் இரண்டு மாத அவகாசத்தில் வெளியேறச் சொல்வது. இங்கிலாந்தில் 2026 மே முதலாம் தேதியிலிருந்து அந்த முறை இல்லை, எங்கள் காலத்தில் இருந்தது. சொந்தக்காரர் எல்லோரும் ஒரே குரலில், பிரச்சினை வேண்டாம், சாமானைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் அப்படிப் போயிருந்தால் நாங்களே வேண்டுமென்று வீட்டை விட்டவர்கள் என்று ஆகியிருக்கும், எங்களுக்கு வீடு பார்த்துத் தரும் கவுன்சிலின் முழுப் பொறுப்பும் இல்லாமல் போயிருக்கும். வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஷெல்டர் அமைப்பின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். முதலில் நோட்டீஸ் செல்லுமா என்று பார்க்கச் சொன்னார்கள். முற்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் போட்டிருக்கிறாரா, எரிவாயுச் சான்றிதழ் தந்தாரா என்றெல்லாம். எங்கள் விஷயத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போனோம். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இன்னும் 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றாலே அவர்கள் உதவத் தொடங்க வேண்டும். வாசலில் படுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உதவி என்பது காகிதத்தில் தொடங்கியது. ஆனால் நேரில் சொன்னது, பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவோடு வந்து வீட்டைக் காலி செய்விப்பவர்) வரும்வரை அங்கேயே இருங்கள் என்பதுதான். நீதிமன்றம், உத்தரவு, செலவு எங்கள் தலையில். 2023 மார்ச்சில் பெய்லிஃப் வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாக அமைந்தது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஒன்பது மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு குடும்பத்தை இப்படி நடத்தத் தேவையே இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

கவுன்சில் தந்த தற்காலிக வீடு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பஸ் தள்ளி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வேண்டாம் என்றால் பொறுப்பு முடிந்தது என்று கைவிட அவர்களுக்கு இடம் இருக்கிறது. ஏற்றுக்கொண்டுவிட்டு, இது எங்களுக்குப் பொருத்தமில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 21 நாளுக்குள் எழுதலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. எழுதினோம். அதில் பெரிய பலன் இல்லை. ஆனால் வீடும் பட்டியலில் இருந்த இடமும் கையில் இருந்தன.

இந்தக் காலத்தில் மற்ற வழிகளையும் பார்த்தோம். 'அஃபோர்டபிள்' என்று விளம்பரத்தில் இருந்தால் எல்லாம் ஒன்றில்லை. சோஷல் ரென்ட் என்பதுதான் பக்கத்து வீட்டு அம்மா கட்டிய மாதிரி வாடகை. அஃபோர்டபிள் ரென்ட் என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை போகலாம். லண்டனில் அது ஒரு கிடங்குத் தொழிலாளியின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. ஷேர்ட் ஓனர்ஷிப்பில் வீட்டின் ஒரு பங்கை, உதாரணமாகக் கால் பங்கை, வங்கிக் கடனில் வாங்கி மீதிக்கு வாடகை கட்ட வேண்டும். லண்டனில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 90,000 பவுணுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என் ஒன்றுவிட்ட அண்ணா அப்படித்தான் வாங்கினார், சந்தோஷமாக இருக்கிறார். எங்களுக்கு முற்பணமும் இல்லை, கடன், வாடகை, பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மாத முடிவில் சாப்பாட்டுக்கு மிச்சமும் இல்லை. விட்டுவிட்டோம்.

கோயிலில் கிடைத்த ஆலோசனைகளையும் சொல்லாமல் விட முடியாது. பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கொடு, இன்னொரு பிள்ளை பெற்றால் உடனே கிடைக்கும், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஆயிரம் பவுண் கொடுத்தால் மேலே ஏற்றுவார். ஒன்றையும் செய்யவில்லை. பொய் சொல்லி எடுத்த வீட்டைத் திரும்பப் பறிக்கவும் வழக்குப் போடவும் சட்டம் இருக்கிறது. அதைவிட, அந்த இடம் உண்மையாகவே பிரிந்து, பிள்ளையோடு தெருவுக்கு வந்த ஒரு பெண்ணுடையது.

2024 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு) வீடு ஒன்று. மூன்று அறை, நான்காம் மாடி, சோஷல் ரென்ட். மூன்றாவது இடத்தில் வந்தோம். வீட்டைப் பார்க்க மூன்று குடும்பத்தையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். முதல் குடும்பத்துக்குச் சக்கர நாற்காலி, லிஃப்ட் சிறியது. இரண்டாவது குடும்பம் வேறு வீடு எடுத்துவிட்டது. நீல ஃபைலை அன்றே கையில் கொண்டு போயிருந்தேன். மறுநாளே எல்லாப் பத்திரத்தையும் சரிபார்த்து முடித்தார்கள்.

உள்ளே போனால் வெறும் சீமெந்துத் தரை. கார்ப்பெட் இல்லை, அடுப்பு இல்லை, திரைச்சீலைக் கம்பிகூட இல்லை. இப்படித்தான் தருவார்கள் என்று முதலே தெரிந்திருந்தால் கொஞ்சம் காசு ஒதுக்கி வைத்திருப்போம். முதல் வாரம் பாயில் படுத்தோம். சுவர் காய்ந்திருந்தது. மகன் கையை வைத்துத் தடவிப் பார்த்தான்.

தற்காலிக வீட்டில் எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு அக்கா இருந்தார், முல்லைத்தீவு, மூன்று பிள்ளைகள், தனி ஆள். அவரிடம் கணினி இல்லை. இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், தேநீர் வைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். மூத்த பிள்ளைக்கான டொக்டர் கடிதத்தைப் போன மாதம் திருப்பி எழுத வைத்தோம். அதற்கு முன் 60ஆவது இடத்துக்கும் பின்னால் நின்றவர், இந்த வாரம் 17ஆவது இடம்.