மணி இல்லாத கோயிலில் ஒரு பாஸ்கா இரவு

எங்கள் மணப்பாட்டில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவுவரை மரக்கட்டைதான். பீடச் சிறுவர்கள் அதைத் தட்டிக்கொண்டு தெருவில் போனால் ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று அர்த்தம். சின்ன வயதில் அந்தக் கட்டைச் சத்தம் எனக்குப் பயம். ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று தோன்றும். "யாரோ இல்லடா, ஆண்டவர்தான்" என்பாள் அம்மா. சனி நள்ளிரவில் 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும் நொடியில் மணி மறுபடி அடிக்கும். கடற்கரையில் வெடி வெடிக்கும். எனக்கு ஈஸ்டர் என்றால் அந்த மணிதான்.

2024 ஜனவரியில் கத்தாரின் தலைநகர் தோகாவுக்கு வேலைக்கு வந்தேன். முதல் வாரமே கோயில் எங்கே என்று விசாரித்தேன். நகரின் தெற்கே, அபு ஹமூர் பக்கம், சமய வளாகம் என்று ஓரிடம் இருக்கிறது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், கோப்டிக், சிரியன், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் என எல்லாச் சபைகளின் ஆலயங்களும் ஒரே மதிலுக்குள். அப்போதைய அமீர் ஷேக் ஹமத் கொடுத்த நிலம் அது. ஜெபமாலை அன்னை ஆலயம் அங்கே 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. அதாவது கதவு திறந்த கையோடு உயிர்ப்புப் பெருவிழா. அதற்கு முன்பு இக்காலத்தில் இந்த நாட்டில் கிறிஸ்தவர்களுக்கென்று கட்டப்பட்ட ஆலயம் கிடையாது. வீடுகளில் கூடித்தான் பூசை கண்டார்களாம்.

முதல் நாள் டாக்சியை விட்டு இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனவன் கோயிலைத் தேடிக்கொண்டு நின்றேன். எதிரே இருந்த பெரிய கட்டடம்தான் கோயில் என்று பக்கத்தில் போனவர் சொன்னார். வெளியே சிலுவை இல்லை, கோபுரம் இல்லை, மணி இல்லை. வெளிப்பக்கம் சமயச் சின்னம் எதுவும் வைக்கக்கூடாது என்பது இங்கே விதி. கடலில் இருந்து பார்த்தாலே மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் தெரியும் ஊர்க்காரனுக்கு அது சட்டென்று பழகவில்லை. உள்ளே போனால் நம்ப முடியாது. 2700 பேர் உட்காரலாம். அதற்கு மேலும் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

இன்னொரு விநோதம், இங்கே ஞாயிறு வேலை நாள். விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பூசையையே வெள்ளிக்கிழமை காண்கிறோம். ஆக பெரிய வெள்ளிக்கு நான் விடுப்பு கேட்க வேண்டியதில்லை, நாடே கொடுத்துவிட்டது. ஈஸ்டர் அன்றுதான் காலையில் கம்பெனி வேனுக்கு நிற்க வேண்டும். பாடுபட விடுப்பு உண்டு, உயிர்த்தெழ விடுப்பு இல்லை என்று அறைத்தோழர் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆண்டு தவக்காலத்தின் நடுவே, மார்ச் 11ஆம் தேதி, ரமலானும் தொடங்கியது. எங்கள் அறையில் நான்கு பேர். மூத்தவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி நான் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். மணப்பாட்டுக்கும் காயலுக்கும் நடுவே திருச்செந்தூர்தான். ஊரில் இருந்தவரை அங்கே ஒரு நோன்பு திறப்புக்கும் நான் போனதில்லை. அரபுக்கடல் தாண்டி வந்துதான் காயல் நோன்புக் கஞ்சியைக் குடித்தேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி. ஒருவேளை உணவோடு நோன்பு. வளாகம் நிரம்பி வழிந்தது. திருச்சிலுவையை முத்தி செய்ய நின்ற வரிசையில் மலையாளம், கொங்கணி, சிங்களம், தகாலோக் எல்லாம் காதில் விழுந்தன. தொழிற்பேட்டையில் இருந்து பேருந்து பிடித்து வந்தவர்கள் பாதிப்பேர். எனக்கு முன்னால் நின்றவரின் பாதணியில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. முழந்தாளிட்டு எழுந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரில் என்றால் யார் வீட்டுப் பிள்ளை, என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அறைக்குத் திரும்பியபோது மக்ரிப், அந்தித் தொழுகை நேரம், நெருங்கிவிட்டது. கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுக் காக்கா சொன்னார்: "இன்னைக்குக் கறி போடல தம்பி. ஒனக்குப் பெரிய வெள்ளியில்லா." எங்கள் வீட்டிலும் அன்று கஞ்சிதான், தொட்டுக்கொள்ளத் துவையல். இங்கே வடை. பாங்கு சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் நோன்பை முடித்தோம். அவருக்கு அது பத்தொன்பதாம் நோன்பு.

மறுநாள் சனி. ஈஸ்டருக்குக் கறிக்குழம்பு வைக்காமல் இருந்தால் அம்மா மனசு தாங்காது. இரவு கோயிலுக்குப் போய்விட்டால் நேரம் இருக்காது என்று மத்தியானமே அடுப்பில் ஏற்றினேன். பெரிய சனியும் நோன்பு விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காக்காவும் நோன்பு. மற்ற இருவருக்கும் அன்று ஷிஃப்ட். அரைக்கிலோ ஆட்டுக்கறி கொதிக்கிறது, உப்புப் பார்க்க ஒரு நாக்கு இல்லை. வாசனையை வைத்துக் காக்கா தீர்ப்புச் சொன்னார்: "கொஞ்சம் போடலாம் போலயே." போட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு. முற்றத்தில் தீ மூட்டி, பாஸ்கா மெழுகுவர்த்தியில் 2, 0, 2, 4 என்ற எண்களைக் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஒருவர் கையில் இருந்து ஒருவர் கைக்கு ஒளி போயிற்று. எனக்குத் திரியைக் கொடுத்தவர் பிலிப்பைன்ஸ்காரப் பெண். மருத்துவமனையில் நர்ஸ். அவர்கள் ஊரில் ஈஸ்டர் விடியலில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தை ஆண்கள் ஒரு பக்கமும், கறுப்பு முக்காடிட்ட மாதா சுரூபத்தைப் பெண்கள் மறுபக்கமும் தூக்கிவந்து சந்திக்க வைப்பார்களாம். சம்மனசு, அதாவது வானதூதர் வேடமிட்ட சிறுமி அந்த முக்காட்டை எடுப்பாள். சலூபோங் என்று பெயர். சிறுமியாக இருந்தபோது அந்த முக்காட்டைத் தானும் எடுத்ததாகச் சொன்னார்.

வாசகங்கள் ஆங்கிலத்தில். விடுதலைப் பயண நூலில் இருந்து, எகிப்தில் பார்வோனுக்கு அடிமையாக இருந்த இஸ்ரயேலர் தப்பிக் கடல் கடக்கும் செங்கடல் வாசகம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரில் எத்தனையோ முறை தூங்கி வழிந்த வாசகம். இந்த அரபு மண்ணில், கடன் அடைக்கவும் தங்கைக்குக் கல்யாணம் பண்ணவும் வந்தவர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டால் தூக்கம் வராது. பார்வோனின் செங்கல் சூளை வேலை இங்கே நிறையப் பேருக்குக் கதையல்ல.

பிறகு 'உன்னதங்களிலே'. விளக்குகள் எரிந்தன. வழக்கம்போல என் காது மேலே மணியைத் தேடியது. பீடத்தருகே சிறுவர்கள் கைமணியை ஆட்டினார்கள். அவ்வளவு பெரிய கூடத்துக்கு அது போதவில்லை. அப்போது முன்வரிசையில் ஒரு குழந்தை தன் அப்பாவின் சாவிக்கொத்தைப் பிடுங்கி ஆட்டியது. அதைப் பார்த்து நாலைந்து பேர் சாவியை எடுத்தார்கள். நானும் எடுத்தேன், அறைச் சாவி ஒன்று, பெட்டிச் சாவி ஒன்று. அன்று இரவு எங்களுக்கு இருந்த மணி அதுதான். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

அந்த ஆண்டு வாசித்தது மாற்கு நற்செய்தி. இயேசுவின் கல்லறைக்குப் போகும் பெண்கள், கல்லை நமக்கு யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அதற்கு வழி தெரியாது, ஆனாலும் நறுமணப் பொருட்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிய எனக்கு அவர்களை நன்றாகப் புரிந்தது.

பூசை முடிந்து வெளியே வரும்போது, வளாகத்தில் உள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தின் பெயரில் இருக்கும் புனித ஈசாக்கைப் பற்றி ஒருவர் சொன்னார். நினிவே ஈசாக்கு, ஏழாம் நூற்றாண்டுத் துறவி. பேத் கத்ராயே என்று அன்று சிரியாக் மொழியில் அழைக்கப்பட்ட இந்தக் கத்தார்ப் பகுதியில் பிறந்தவர். நினிவேக்கு ஆயராகப் போய், ஐந்தே மாதத்தில் பதவியை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லாம் இங்கே வந்த பரதேசிகள் என்றால் அவர் இங்கிருந்து போன பரதேசி. அதற்குப் பிறகு இந்த மண் எனக்கு முன்னளவு அந்நியமாக இல்லை.

அறைக்கு வந்து படுத்ததும் தூங்கிப்போனேன். மூன்றேகால் மணிக்குக் காக்கா உலுக்கினார். "எழும்பு தம்பி. ஒன் பெருநாள் சாப்பாட்டை இப்பமே சாப்பிட்டுரு. விடிஞ்சா ஆபீஸ்ல வாயைத் திறக்க முடியாது." உண்மைதான். ரமலான் பகலில் பொது இடத்தில் யாரும் சாப்பிடக்கூடாது. இட்லி ஊற்றி, குழம்பைச் சூடாக்கி, நோன்புக்கு முன் விடியலில் உண்ணும் அவருடைய சஹர் தட்டுக்குப் பக்கத்தில் என் ஈஸ்டர் தட்டையும் வைத்தேன்.

போனில் அம்மாவின் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. போட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது விநாடி முழுக்க மணிச்சத்தம், வெடிச்சத்தம், அதற்குப் பின்னால் கடல்.

"மணப்பாட்டு மணியா?" என்றார் காக்கா. "இன்னொரு தடவை போடு."

போட்டேன். கேட்டுக்கொண்டே ஒரு வாய் இட்லியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தவர் முகம் சுருங்கியது. நானும் வைத்துப் பார்த்தேன். உப்பு கரித்தது.

"நாந்தானே போடச் சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு தம்ளர் தண்ணீரை ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். "சீக்கிரம் குடி. பாங்கு சொல்லிருவாங்க."