திருநல்லத்துச் சுவரில் கண்டராதித்தர்

கோனேரிராஜபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெரிய நடராஜருக்காகத்தான் போகிறார்கள், நாங்களும் அப்படித்தான். கும்பகோணம் காரைக்கால் சாலையில் எஸ்.புதூரிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். அப்பரும் சம்பந்தரும் பாடிய திருநல்லம் இதுதான். நடராஜரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. மனித உருவில் தாகம் என்று வந்த சிவனுக்கும் பார்வதிக்கும் சிற்பி உலோகக் குழம்பை நீட்ட, அதைக் குடித்து அவர்களே சிலையான கதையைச் சொல்லி, நகத்தையும் மச்சத்தையும் தீபம் காட்டிப் பார்க்கச் சொன்னார் குருக்கள்.

அப்புறம் பிராகாரம் சுற்றினோம். மூலவர் கருவறையின் தென்புறச் சுவரில் சின்னதாக ஒரு புடைப்புச் சிற்பம், அவசரமாகச் சுற்றினால் கண்ணிலேயே படாது. லிங்கத்தைத் தொழுகிறவர் கண்டராதித்த சோழர். மகன் உத்தம சோழர் ஆளும் காலத்தில் கணவர் பெயரால் இந்தக் கற்றளியை (கல்லால் கட்டிய கோயிலை) எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி என்று கீழே கல்வெட்டே சொல்கிறது.

‘மகன் ஆளும் காலத்தில்’ என்பது சாதாரணமாக வந்ததல்ல. 949இல் தக்கோலத்தில் அண்ணன் இராசாதித்தர் போரில் இறந்ததால்தான் அப்பா பராந்தகருக்குப் பின் கண்டராதித்தருக்கு முடி வந்தது. அவர் இறந்தபோது மகன் உத்தமர் சிறு பிள்ளை, அதனால் தம்பி அரிஞ்சயர், பிறகு அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர் என்று அரியணை வேறு கிளைக்குப் போய்விட்டது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையான பிறகே உத்தமர் முறை வந்தது. அவரே கொலைக்குக் காரணம் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொலையைப் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகள் என்று பெயர் சொல்வது ரவிதாசன் முதலான சகோதரர்களைத்தான், உத்தமரை அல்ல. 985இல் பட்டத்துக்கு வந்த, ஆதித்தனின் தம்பி ராஜராஜரும் இந்தக் குடும்பத்தை ஒதுக்கவில்லை, சொந்த மகனுக்கே மதுராந்தகன் என்று உத்தமரின் பெயர் இருந்தது (பின்னாளில் ராஜேந்திரர்), உத்தமரின் மகன், தாத்தா பெயர் கொண்ட கண்டராதித்தன், ராஜராஜரிடம் அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளைச் சரிபார்த்தார். செம்பியன் மாதேவியும் அந்த ஆட்சியில் தொடர்ந்து கோயில்களுக்கு நிவந்தம் (கொடை) கொடுத்து வந்தார்.

அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்று நேராகப் போகாத ஒரு வம்சத்தில், கணவர் முடி சூடியதையோ போருக்குப் போனதையோ விட்டுவிட்டு அவர் கும்பிடுவதைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. தில்லைச் சிவன்மேல் திருவிசைப்பா என்ற பதிகம் பாடிய கண்டராதித்தருக்கு அதுதான் பொருத்தம்.

நடை சாத்துவதற்குள் வைத்தியநாதர் சன்னதிக்கும் போய்விடுங்கள், புரூரவ மன்னனின் குஷ்டம் தீர்ந்த இடம் என்று தோல் நோய்க்கு அங்கே வேண்டிக்கொள்கிறார்கள்.