நுரையீரலுக்கு எடுத்த ஸ்கேனில் இதயமும் இருக்கிறது

கதிரியக்க மருத்துவராக என் வேலை நேரத்தில் பெரும்பகுதி நெஞ்சு சி.டி. பார்ப்பதிலேயே போகிறது. ஆறாத இருமல், காசநோய்ச் சந்தேகம், புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று எல்லாமே நுரையீரலைப் பற்றிய கேள்விகள். அதே படத்தில் இதயமும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

நுரையீரலை முடித்ததும் விண்டோவை, அதாவது திரையில் படத்தின் வெளிச்ச அளவை, மாற்றுவேன். இதயத்தின் முன்பக்கக் கொழுப்புக்குள் இறங்கும் இடது தமனியை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வெட்டாகத் தொடர்ந்து போவேன். சுவரில் கொழுப்புப் படிவு இல்லாத குழாய் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். கால்சியம் படிந்திருந்தால் எலும்பின் அதே வெள்ளை, புள்ளி புள்ளியாகப் பளிச்சிடும்.

அந்த வெள்ளையை எண்ணாக்கும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் ஆகட்ஸ்டனும் ஜானோவிட்ஸும் 1990-இல் வெளியிட்டார்கள். 130 ஹவுன்ஸ்ஃபீல்டை (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) தொடும் படிவுகளின் பரப்பையும் அடர்த்தியையும் வைத்து மதிப்பெண். 0 வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாரடைப்பு வாய்ப்பு குறைவு. 100-ஐத் தாண்டினால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை பற்றிப் பேசியாக வேண்டும். முறைப்படி இதற்கான ஸ்கேனை இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுப்பார்கள். சாதாரண நெஞ்சு சி.டி.யில் துடிப்பால் படம் கொஞ்சம் கலங்கும். ஆனாலும் லேசா, நடுத்தரமா, அதிகமா என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

கண்டதை ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரியாகப் புதைத்துவிட்டால் பயனில்லை. அனுப்பிய மருத்துவர் முடிவுரையைத்தான் படிப்பார். அதனால் முடிவுரையிலேயே எழுதுகிறேன். நோயாளி வெளியே காத்திருந்தால் கூப்பிட்டும் சொல்கிறேன். இருமலுக்காக வந்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் எழுந்துவிட்டார். உட்கார வைத்து வெள்ளைப் புள்ளிகளைத் திரையில் காட்டினேன்.

“எனக்கு நெஞ்சுவலியே இல்லீங்களே டாக்டர்?”

“இல்லாதப்பவே தெரிஞ்சதுதாங்க நல்லது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் பார்த்துட்டு டாக்டர்கிட்ட இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க.”

படத்தைக் காட்டினால் மனிதர் நம்புகிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வாகச் செய்தார்கள். வேறு காரணங்களுக்காக எடுத்த பழைய நெஞ்சு ஸ்கேன்களில் செயற்கை நுண்ணறிவு கால்சியத்தைக் கண்டுபிடித்தது. ஒரு பாதிப் பேருக்கும் அவர்களுடைய மருத்துவர்களுக்கும் படத்தோடு தகவல் போனது. ஆறு மாதத்தில் அவர்களில் சுமார் 51 சதவீதத்தினருக்கு ஸ்டாடின் எழுதப்பட்டது. தகவல் போகாதவர்களில் சுமார் 7 சதவீதத்தினருக்குத்தான். புதிய ஸ்கேன் ஒன்றுகூட இல்லாமல் வந்த வித்தியாசம் இது.

இதைக் கேட்டு முப்பது வயதுக்காரர்கள் ஸ்கேன் எடுக்க ஓடி வர வேண்டாம். இளம் வயதில் படிவு பெரும்பாலும் மென்மையானது, கால்சியமாக மாறியிருக்காது. புகைபிடிக்கும், சர்க்கரை உள்ள இளைஞருக்கு 0 வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாத்திரை தொடங்கிய பிறகு மதிப்பெண் குறைகிறதா என்று வருடாவருடம் எடுப்பதும் வீண். ஸ்டாடின் படிவை இறுக்குவதால் எண் கூடவும் செய்யலாம்.

இப்போது கால்சியத்தைத் தானாகவே எண்ணும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வரட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வால்வு ஓரத்துக் கால்சியமும் ஸ்டென்ட்டின் உலோகமும் அதே வெள்ளையில்தான் தெரியும். இயந்திரம் தரும் எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொரு புள்ளியும் தமனிக்குள்தான் இருக்கிறதா என்று வெட்டு வெட்டாகப் பார்க்கிறேன்.