கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை

வேலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை வெட்டிப் பார்ப்பதை நிறுத்தச் சொன்ன பிறகு, அலமாரியில் இருக்கும் பாட்டில்கள்தான் பிள்ளைகளுக்குப் பாடம். பாட்டிலில் இருக்கும் விலங்குகள் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தை மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் என் வேலை.

மூன்றாம் தட்டில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு சுறா. 'பால் சுறா' என்று லேபிள். மை மங்கியபோது நானும் அதையே பார்த்து எழுதி ஒட்டினேன்.

போன வருஷம் குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்து வரைந்துகொண்டிருந்தாள். "அண்ணா, இதுக்கு மீசை இருக்கே?" என்றாள்.

வெளியே எடுத்துத் தட்டில் வைத்தோம். மூக்கோரம் குட்டையாக இரண்டு மீசை. கண்ணுக்குக் கீழே சற்றுப் பின்னால், பயறு நுழையும் அளவுக்கு ஒரு துளை. பால் சுறாவுக்கு இரண்டுமே கிடையாது. அதன் மூக்கு மண்வெட்டி போலத் தட்டையாக நீண்டிருக்கும், இரண்டாவது முதுகுத் துடுப்பு துளியூண்டு. இதற்கு முதுகுத் துடுப்பு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, வால் பக்கமாகத் தள்ளி இருந்தன. பேராசிரியர் வந்து பார்த்து, மூங்கில் சுறா என்றார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகள் அந்த லேபிளை நம்பி நோட்டில் எழுதியிருப்பார்கள்! பெயர் மட்டுமா தப்பு? பால் சுறா குட்டி போடும். கருவைத் தொப்புள்கொடி வழியாக வயிற்றிலேயே வளர்க்கும். மூங்கில் சுறா முட்டையிடும். தோல் பை மாதிரி ஒரு உறைக்குள் கரு மாதக்கணக்கில் தனியாக வளர வேண்டும். வாழ்க்கையே வேறு.

அந்தத் துளைக்கும் காரணம் உண்டு. பகலில் பாறை இடுக்கில், கடலடியோடு ஒட்டிப் படுத்திருக்கும் மீன் இது. நீந்தாமலே வாயை அசைத்து நீரை உள்ளே இழுத்துச் செவுளுக்கு அனுப்பும். துளை வழியாகவும் நீர் போகும். இருட்டியதும் கிளம்பி, நண்டு, இறால், புழு என்று தேடித் தின்னும். குட்டிகளுக்கு உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு இருக்கும், வளர வளர மங்கிவிடும். எங்கள் மீனில் ஃபார்மலின் எல்லா நிறத்தையும் வெளுத்துவிட்டது.

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் போகும் ஊர் எங்களுடையது. கடலையே பார்க்காத பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு அந்தப் பாட்டில்தான் கடல்.

புது லேபிளை அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னேன். பாட்டிலையும் இப்போது ஜன்னல் பக்கம், துளை தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்.